மலை இல்லாத ஊரிலிருந்து மடிப்பு மலை எண்ணெயைப் பற்றி

திருவாரூரிலிருந்து மன்னார்குடி, அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு குன்றுகூடக் கிடையாது. கோயில் கோபுரம்தான் எங்களுக்கு உயரம். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நிலவியல் படித்தவன் என்று தெரிந்தால் போதும், முதலில் வருகிற கேள்வி இதுதான்: "எண்ணெயெல்லாம் மலையும் பாலைவனமும் இருக்கிற நாட்டுலதானே கிடைக்கும், நம்ம வயலுக்கு அடியில எப்படி வந்துச்சு?" கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், நரிமணம் என்று எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்தே வளர்ந்தவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைக்காரர்களில் வடக்கு ஈராக் வரை போனவர்கள் சிலர் உண்டு. "அங்க மலை மலையா மடிஞ்சு கிடக்கு தம்பி, அதுக்கு அடியிலதான் எண்ணெய்" என்பார்கள். அவர்கள் பார்த்ததும் உண்மை, எங்கள் வயலுக்கு அடியில் இருப்பதும் உண்மை. ஆனால் மடிப்பு மலை இருந்தால் எண்ணெய் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்களே, அதைத்தான் இங்கே கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலடியிலும் ஏரியடியிலும் சேறோடு புதைந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் மட்கிப்போகாமல் களிப்பாறைக்குள் மாட்டிக்கொள்கின்றன, மேலே மேலே படிவு ஏற ஏற அந்தப் பாறை ஆழத்துக்குப் போய்ச் சூடாகிறது. ஏறத்தாழ 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரையான சூட்டில் எண்ணெய் பிறக்கும், அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கேஸ்தான். இது மூலப்பாறை. பிறந்த எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால் பாறையின் நுண்துளைகள் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும், வழியில் யாரும் தடுக்கவில்லை என்றால் தரைக்கு வந்து கசிந்து வீணாகிவிடும். தடுக்க ஓர் இறுக்கமான மூடுபாறை வேண்டும், அதற்குக் கீழே எண்ணெயை வாங்கி வைத்துக்கொள்ளும் துளையுள்ள மணற்பாறையோ சுண்ணாம்புப் பாறையோ வேண்டும், இரண்டும் சேர்ந்து எண்ணெய் பக்கவாட்டில் நழுவாத ஒரு வடிவத்தில் இருக்க வேண்டும். அந்த வடிவத்துக்குத்தான் பொறி என்று பெயர். பூமிக்கடியில் எண்ணெய் ஏரி எதுவும் இல்லை. எண்ணெய் இருப்பது கல்லுக்குள்.

பொறிகளில் மிக எளிதானது மேல்வளைவு. பாறை அடுக்குகள் நெருக்கப்பட்டு மேல்நோக்கி வளைந்தால் அந்த முதுகின் உச்சியில் கேஸ், அதற்குக் கீழே எண்ணெய், அதற்கும் கீழே உப்புத் தண்ணீர் என்று எடைப்படி தானாகப் பிரிந்து நிற்கும். 1885-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஐ. சி. வைட் இதை ஒரு கோட்பாடாகவே எழுதி, மேல்வளைவுகளைத் தேடிப் போய்க் கிணறு தோண்டச் சொன்னார். அதன் பிறகு உலகம் முழுக்க எண்ணெய் தேடுகிறவர்கள் முதலில் பார்த்தது மடிப்பு மலைகளைத்தான். காரணம் எளிது. அங்கே மடிப்பு வெயிலில் தெரிகிறது, ஒரு வரைபடமும் காந்த ஊசியும் இருந்தால் நடந்தே அளந்துவிடலாம்.

இந்தக் கதையில் முதல் பெயர் ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடர். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது, அவற்றில் அரேபியத் தட்டு வடக்கே நகர்ந்து யூரேசியத் தட்டை முட்டுகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வேகம், இன்றைக்கும் அது நிற்கவில்லை. முட்டிய முட்டில் பாறை அடுக்குகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வரிசை வரிசையாக மடிந்திருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பும் நீள நீளமாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது பளிச்சென்று தெரியும், கபீர் கூ என்கிற ஒரே ஒரு மேல்வளைவு மட்டுமே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் நீளம்.

வில்லியம் நாக்ஸ் டார்சி 1901-ல் பாரசீக அரசிடம் உரிமை வாங்கினார், தோண்டுகிற வேலையை ஜார்ஜ் ரேனால்ட்ஸ் பார்த்தார். பழைய தீக்கோயில் இடிபாடும் எண்ணெய்க் கசிவும் இருந்த மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில், பணமெல்லாம் கரைந்து வேலையை நிறுத்திவிடலாம் என்ற கட்டத்தில், 1908 மே 26-ம் தேதி ஏறத்தாழ 360 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் பீறிட்டது. மேற்காசியாவின் எண்ணெய் வரலாறு தொடங்கிய இடம் என்று அதைச் சொல்வார்கள்.

வரலாற்றைவிட எனக்குப் பிடித்தது அங்கே பாறைகள் அமைந்திருக்கும் ஒழுங்கு. எண்ணெய் இருப்பது அஸ்மாரி என்கிற சுண்ணாம்புப் பாறையில். அந்தப் பாறையின் சொந்தத் துளைகள் வழியே எண்ணெய் அவ்வளவு சுலபமாக ஓடாது, ஆனால் கெட்டியான பாறை மடியும்போது வளையாமல் விரிசல் விடும் அல்லவா, அந்த விரிசல்கள்தான் அங்கே எண்ணெய்க்கு வாய்க்கால். அதாவது மடிப்பு பொறியையும் கொடுத்தது, எண்ணெய் ஓடுகிற வழியையும் கொடுத்தது. அஸ்மாரிக்கு மேலே கச்சாரன் என்ற அடுக்கு, உப்பும் ஜிப்சம் வகைப் பாறைகளும் கலந்தது. உப்பு மற்ற பாறைகளைப் போல உடையாது, அழுத்தினால் நகர்ந்து கொடுக்கும், விரிசல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். இவ்வளவு பெரிய மடிப்பு நடந்தும் மூடி கிழியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அப்புறம் மூலப்பாறை: கஜ்தூமி என்கிற ஏறத்தாழ 11 கோடி ஆண்டு பழைய களிப்பாறை முக்கியமான ஒன்று. அது சூடேறி எண்ணெய் விட்ட காலமும், மேலே மடிப்புகள் எழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன. வீடு தயாராக இருந்தபோது ஆள் வந்து சேர்ந்தான். எண்ணெய் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தால் இவ்வளவு பெரிய மேல்வளைவுகள் வெறும் தண்ணீரோடு நின்றிருக்கும்.

இதே கச்சாரன் அடுக்கு தேடுகிறவர்களை நன்றாகவே அலைக்கழித்தது. உப்பு நகர்ந்து கொடுக்கும் என்றேன் அல்லவா, அது மடிப்பின் முதுகிலிருந்து இறங்கிப் பக்கங்களில் போய்க் குவிந்துவிடும். அதனால் தரையில் தெரிகிற வளைவுக்கும் ஆழத்தில் அஸ்மாரியின் வளைவுக்கும் பொருத்தமே இருக்காது, மேலே பள்ளமாகத் தெரிகிற இடத்துக்கு நேர் கீழே மேல்வளைவு இருக்கலாம். தரையைப் பார்த்தே அடிவயிற்றைச் சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை மடிப்பு மலைகளிலேயே இப்படி உடைகிறது. நிலத்தடியில் அதிர்வலை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்யும் சீஸ்மிக் முறை வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. எங்கள் வயல் வரப்புகளில் கம்பி இழுத்து, குழி போட்டு வெடி வைத்து அளந்தார்களே, அதே முறைதான்.

சரி, மடிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று இளஞ்சிவப்புக் கல்லாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல காலமாக அது பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்துதான் வந்தது. அந்தச் சுரங்கம் இருக்கும் சால்ட் ரேஞ்ச், இமயமலை மடிப்புப் பட்டையின் தெற்கு விளிம்பு. அந்த உப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, ஜாக்ரோஸின் அடியில் கிடக்கும் ஹோர்முஸ் உப்பும் ஏறத்தாழ அதே காலத்தது. வழவழப்பான சிமெண்டுத் தரையில் கோரைப்பாயை ஒரு முனையில் பிடித்துத் தள்ளினால் பாய் முழுக்க அகலமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அலை அலையாக எழும், சொரசொரப்பான தரையில் தள்ளினால் கைக்குப் பக்கத்திலேயே குவியலாக நெருங்கி நின்றுவிடும். உப்பு என்பது அந்த வழவழத் தரை. பாறை அடுக்கு முழுவதும் உப்பின் மேல் வழுக்கிப் போவதால் மடிப்புப் பட்டை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது, மடிப்புகள் திறந்த வடிவில், பெரிதாக, உடையாமல் நிற்கின்றன. சால்ட் ரேஞ்சுக்கு வடக்கே போட்வார் பீடபூமியில் நூறாண்டுக்கும் மேலாக எண்ணெய் எடுப்பதற்கு இந்த உப்புத் தளமும் ஒரு காரணம்.

அதே இமயமலையின் அடிவாரத்தில் கிழக்கே இமாச்சலப் பிரதேசத்துக்கு வந்தால் நிலைமை வேறு. போட்வாரில் உள்ளதுபோல் பரந்த உப்புத் தளம் அங்கே இல்லை, மடிப்புகளும், ஒரு பாறைத் துண்டு இன்னொன்றின் மேல் ஏறிய உந்துப் பிளவுகளும் குறுகிய பட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஜ்வாலாமுகி கோயிலில் பாறை இடுக்கிலிருந்து வரும் கேஸ் காலங்காலமாக எரிந்துகொண்டிருக்கிறது, அதை நம்பித்தான் சுதந்திரத்துக்குப் பிறகு ஓஎன்ஜிசி தன் முதல் தேடல் கிணற்றையே 1957-ல் ஜ்வாலாமுகியில் தோண்டியது. கேஸ் வந்தது, ஆனால் வணிகத்துக்கு ஆகிற அளவில் வரவில்லை. கசிவு என்பது கீழே எண்ணெயோ கேஸோ பிறந்ததற்குச் சாட்சி, சேர்ந்து நிற்பதற்குச் சாட்சி இல்லை. சில சமயம் மூடி கிழிந்துவிட்டது என்பதற்கே அதுதான் சாட்சி. மடிப்பு மலையில் எண்ணெய் தேடுகிறவர்களின் பெரிய துன்பம் இதுதான் என்று நினைக்கிறேன்: மலையை எழுப்பும் அதே விசை பொறியையும் செய்கிறது, கொஞ்சம் கூடிப்போனால் அதையே உடைக்கவும் செய்கிறது.

இந்த அளவுக்கணக்கு நன்றாகத் தெரிகிற இடம் திரிபுரா. எங்கள் பக்கத்திலிருந்து எண்ணெய்த் துறைக்குப் போனவர்களுக்குக் காரைக்காலிலிருந்து அகர்தலாவுக்கோ அசாமின் சிவசாகருக்கோ மாற்றல் வருவது சகஜம், அப்படிப் போன என் சித்தப்பா சொல்லித்தான் அந்த ஊர்ப் பாதைகள் எனக்கு முதலில் தெரியவந்தன. மேற்கிலிருந்து கிழக்கே போனால் பாராமுரா, ஆதாராமுரா, லாங்தராய், சகான், ஜம்புய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வடக்குத் தெற்காக நீளும் குன்றுத் தொடர்கள், நடுவில் சமவெளிப் பள்ளத்தாக்குகள். ஒவ்வொரு தொடரும் ஒரு மேல்வளைவு, ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு கீழ்வளைவு. பாடப் புத்தகப் படம் அப்படியே தரையில் கிடக்கிற மாதிரி இருக்கும். இந்தியத் தட்டு பர்மா பக்கத்துக்கு அடியில் சரிந்து நுழைவதால் வந்த நெருக்கம் இது. கிழக்கே மிசோரம் பக்கம் மடிப்புகள் உயரமாக, இறுக்கமாக, நிறையப் பிளவுகளோடு இருக்கின்றன, மேற்கே வரவர இளசாகவும் மென்மையாகவும் ஆகி, அகர்தலா பக்கத்தில் தரைக்கு அடியிலேயே புதைந்த மெல்லிய வளைவாக முடிகின்றன. கம்பீரமான ஜம்புய் குன்றுகளில் கேஸ் கிடைத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கேஸ் தருவது மேற்குப் பக்கத்தின் மெல்லிய மடிப்புகள்: பாராமுரா, ரோக்கியா, கோனாபன், அகர்தலா. பாலடானாவில் 726 மெகாவாட் மின் நிலையம் ஓடுவது இந்தக் கேஸில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தில் 1962-ல் கண்டுபிடித்த டிதாஸ் வயலும் இதே குடும்பம்தான், அங்கே தரையில் குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை.

திரிபுராவில் ரிக்கில், அதாவது கிணறு தோண்டும் கோபுரத்தில், நிற்பவர்களுக்குப் பெரிய பயம் ஆழத்தின் அழுத்தம். அந்தப் படிவுகள் பெரிய ஆறுகள் கொண்டுவந்து மிக வேகமாகக் கொட்டியவை, களிமண்ணுக்குள் இருந்த தண்ணீர் வெளியேற நேரம் கிடைப்பதற்குள் மேலே மேலே சுமை ஏறிவிட்டது, போதாததற்கு மடிப்பின் நெருக்கமும் சேர்ந்தது. மாட்டிக்கொண்ட தண்ணீர் பாறையின் சுமையில் ஒரு பங்கைத் தானே தாங்கி நிற்கிறது. ஆழத்தின் அழுத்தத்தை அடக்கத் துளைக்குள் செலுத்தும் சேற்றின் எடையைச் சரியாக ஏற்றாமல் அந்த அடுக்கில் துளை போட்டால் கேஸ் கட்டுக்கடங்காமல் மேலே வரும். சேற்றின் எடையைக் கூட்டினாலோ பலவீனமான பாறை உடைந்து சேறு உள்ளே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மிகச் சின்னது, சித்தப்பா அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும்.

அசாமின் டிக்பாயையும் விட்டுவிட முடியாது, 1889-ல் அங்கே எண்ணெய் கிடைத்தது, 1901-ல் சுத்திகரிப்பு ஆலை, நாகா மலைகள் அசாம் சமவெளியின் மேல் ஏறி உந்திய பிளவின் ஓரத்தில் எழுந்த மடிப்பு அது. மலைப்பாறை சமவெளிப் படிவுகளின் மேல் ஏறிப் படுத்திருப்பதால், அதற்கு அடியிலும் எண்ணெய் இருக்கலாம் என்ற கேள்வி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். காவிரிப் படுகை எந்தத் தட்டும் முட்டி உருவானதல்ல, பிரிந்து உருவானது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்து இந்தியா அண்டார்க்டிகாவை விட்டு விலகத் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியின் பழைய கடும்பாறை இழுக்கப்பட்டு வடகிழக்கு, தென்மேற்காக நீளும் பட்டைகளாக உடைந்தது. சில பட்டைகள் கீழே இறங்கின, சில மேலேயே நின்றுவிட்டன. இறங்கிய பள்ளங்களில் ஆறும் கடலும் கொண்டுவந்த படிவு சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் சேர்ந்தது. நின்ற மேடுகளுக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: கும்பகோணம்–மாதானம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, காரைக்கால் மேடு, வேதாரண்யம் மேடு. மலையே இல்லாத ஊர் என்று சொன்னேனே, தரைக்கு அடியில் வரிசையாக மேடும் பள்ளமும் இருக்கின்றன, அவற்றை மண் மூடி, காவிரி வண்டலைப் பரப்பி மட்டமாக்கிவிட்டது.

பள்ளங்களில் இருக்கும் ஆண்டிமடம், சாத்தப்பாடி களிப்பாறைகள்தான் எங்கள் மூலப்பாறைகள். அங்கே பிறந்த எண்ணெய் பக்கவாட்டில் நகர்ந்து மேடுகளை நோக்கி ஏறியது. மேட்டின் மேல் படிந்த மணலும் களியும் நாளடைவில் அமுங்கும்போது, பள்ளத்தின் மேல் தடிமனாக இருந்த படிவு அதிகமாக அமுங்கியது, மேட்டின் மேல் மெலிதாக இருந்தது குறைவாக அமுங்கியது. அதனால் யாரும் நெருக்காமலேயே அடுக்குகள் மேட்டின் மேல் மெல்லிய வளைவாகக் கவிந்துகொண்டன. மேல்வளைவு கிடைத்துவிட்டது, மலை எழவில்லை. இதோடு பிளவை ஒட்டிச் சாய்ந்த பொறிகள் பல, பழைய கடலடிக் கால்வாய்கள் களியால் நிரம்பி உண்டான பொறிகள் சில. மாதானத்தில் இன்னும் விசேஷம்: எண்ணெய் இருப்பது படிவுப் பாறையில்கூட இல்லை, அடித்தளக் கடும்பாறையின் விரிசல்களுக்குள். ஈரானின் அஸ்மாரியில் மடிப்பு செய்த வேலையை இங்கே பிளவும் நீண்ட காலச் சிதைவும் செய்திருக்கின்றன.

பள்ளத்தில் புதைந்திருக்கும் அந்தக் காலத்துப் பாறைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அரியலூர், பெரம்பலூர் பக்கம் போங்கள். படுகையின் மேற்கு விளிம்பு அங்கே தரைக்கு வந்திருக்கிறது, காரை கிராமத்தின் அரித்தோடிய நிலத்தில் கடல் உயிர்களின் படிமங்கள் காலடியில் கிடக்கும். அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கும், மடிப்பு கண்ணில் படாது.

முட்டி மடிந்த நிலத்துக்கும் இழுத்து உடைந்த நிலத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கள் வாழ்க்கையில் நேரடியாக வந்து விழுகிற இடம் ஒன்று உண்டு. ஜாக்ரோஸில் ஒரே மேல்வளைவு பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பொறியாக நிற்கிறது, விரிசல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் ஒரு கிணறு வெகுதூரத்து எண்ணெயையும் இழுத்துத் தரும். காவிரிப் படுகை பிளவுகளால் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கப்பட்டது, ஒவ்வொரு கட்டமும் தனிப் பொறி, பெரும்பாலும் சின்னப் பொறி. ஒரு கட்டத்தில் தோண்டினால் அடுத்த கட்டத்து எண்ணெய் வராது, அதற்குத் தனிக் கிணறு, தனிப் பாதை, தனிக் குழாய். அங்கே மனிதர் குறைவாக வாழும் வறண்ட மலையில் ஒரு சில இடங்களில் முடிகிற வேலை, இங்கே மூன்று போகம் விளைந்த மண்ணில் ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பதற்குப் பாறையின் அமைப்பே காரணம். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துப் புதிய எண்ணெய், கேஸ் கிணறுகளைத் தடுத்த சட்டம் வந்தபோது, அதைப் பற்றிய விவாதங்களில் இந்த விஷயத்தை யாரும் எடுத்துப் பேசி நான் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சட்டம் சரி என்றுதான் படுகிறது. சின்னப் பொறிகளுக்காகப் பெரிய பரப்பில் வயலைத் துண்டு போடுவது இந்த நிலத்துக்குக் கட்டாது. பழைய கிணறுகளின் வேலையை அந்தச் சட்டம் நிறுத்தவில்லை, ஆகவே உங்கள் ஊரில் இனி கூட்டம் நடந்தால், இத்தனை கோடி டன் இருக்கிறதாம் என்கிற மொத்தக் கணக்கைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். நம் ஊருக்கு அடியில் உள்ள பொறியின் பரப்பு எவ்வளவு, எந்தப் பிளவில் அது முடிகிறது, அதை வடிக்க எத்தனை கிணறு வேண்டும் என்று கேளுங்கள், கட்டமைப்பு வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த எண்ணெய் நிறுவனத்திடமும் அப்படி ஒரு வரைபடம் இல்லாமல் இருக்காது.